‘தெரியல’ என்று பேர் வைத்த மச்சானுக்கு

சங்கரன்கோவில்
புதன்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த மச்சான் சுலைமான் அவர்களுக்கு,

தங்கள் மனைவி ரசீதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் அருளால் இங்கு மாமியும் மகள் ரூபியாவும் நானும் நலம். கிரைண்டர் மட்டும் நலமில்லை. அங்கு ஷார்ஜாவில் தாங்களும், தங்கள் அறையில் உடன் தங்கியிருக்கும் ஐந்து பேரும் சரீர சுகத்துடன் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்து வருகிறேன்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போனை எடுத்தவுடன் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு தாங்கள் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்க, சாப்பிட்டேன் என்று தாங்கள் சொல்ல, என்ன கறி என்று மாமி கேட்க, கோழி என்று தாங்கள் சொல்ல, நேற்றும் கோழிதானே என்று ரூபியா கேட்க, நெட் போய்விடுகிறது. மூன்று வருஷமாக நமக்குள் நடந்த பேச்சு மொத்தமும் கோழியைப் பற்றியது. ஆகவே சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்லிவிடலாம் என்று கிளினிக் லெட்டர்பேடில் ஐந்து தாளைக் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் கணேசன் அவர்களிடம் கேட்டுத்தான் கிழித்தேன்.

விஷயம் இதுதான். டாக்டரின் மகள் படிப்பு முடித்து வந்து, போன மாசம் முதல் பக்கத்து ரூமில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். தாங்கள் இந்த கிளினிக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில், வீடியோ பார்த்துப் பார்த்துத் தாங்களாகவே எழுதின டோக்கன் புரோகிராம் ஒரு டாக்டருக்கு மட்டும்தானே டோக்கன் போடும். இரண்டு ரூமுக்கும் போடுகிற மாதிரி மாற்றிக் கொடும்மா, நீதான் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவளாச்சே என்று டாக்டர் சொன்னார். எனக்கும் ஒரு பெருமையாகத்தான் இருந்தது. தாங்கள் போனதிலிருந்து மூன்று வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து தாங்கள் எழுதினதை ஓட்டுகிறேனே தவிர, ஒரு நாளும் உள்ளே திறந்து பார்த்ததில்லை. அன்றைக்கு மத்தியானம் கிளினிக் சாத்தியிருக்கிற நேரத்தில் பிஸ்மி சொல்லித் திறந்தேன். திறந்ததும் நான் படித்த படிப்பெல்லாம் மறந்து போச்சு.

மச்சான், வேரியபிளுங்கிறது ஒரு டப்பா. உள்ள என்ன போட்டு வைக்கமோ அதைத்தானே மேல எழுதி ஒட்டணும். டோக்கன் நம்பர் போடுத டப்பாவுக்கு டோக்கன் நம்பர்னு பேர் வச்சா என்ன கெட்டுப் போகும். நீங்க வச்சிருக்கது ‘ஏ’. அடுத்தது ‘ஏஏ’. அதுக்கு அடுத்தது ‘ஏஏஏ’, ஆட்டை ஓட்டுத மாதிரி. அப்புறம் ‘டெம்ப்’, ‘டெம்ப் புதுசு’, ‘டெம்ப் ரொம்பப் புதுசு’. அப்புறம் ‘இதைத் தொடாதே’. யார் தொடப் போறான்னு நினைச்சு அதை எழுதினீங்க, அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுதது நீங்க ஒரு ஆள்தானே. அப்புறம் ‘பாக்கலாம்’, ‘நாளைக்கு’, ‘தெரியல’. உங்க உம்மா அடுக்களையில மல்லிப்பொடின்னு எழுதின டப்பாவுல ரவை இருக்கும், காப்பித்தூள் டப்பாவுல சீரகம் இருக்கும். கல்யாணமான புதுசுல ரெண்டு தடவை சீரகத்துல காப்பி போட்டவ நான். அவங்க மகன் வேற எப்படிப் பேர் வைப்பான்னு மனசைத் தேத்திக்கிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து உங்களுக்கே போன் போட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நான் கேட்டேன், “தெரியலைன்னா என்ன?”

நீங்க சொன்னீங்க, “தெரியலை.”

“அதான் கேக்கேன், தெரியலைன்னா என்ன?”

“தெரியலைன்னா தெரியலைதான். என்னத்தைக் கேக்க?”

“அப்ப பாக்கலாம்னா என்ன?”

“சரி, பாக்கலாம்.”

ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருந்த மாமிக்குக் கண்ணு கலங்கிட்டு. ஊருக்கு எப்ப வாரீங்கன்னு நான் கேக்கதாவும், தெரியலை, பாக்கலாம்னு நீங்க சொல்லுததாவும் நினைச்சுக்கிட்டாங்க. போனைப் பிடுங்கி, “ஏலே, ஒரு வார்த்தை ஒழுங்காச் சொல்லுலே அவகிட்ட, நாளைக்கு நாளைக்குன்னு மூணு வருஷமாச்சு”ன்னு ஏசினாங்க. நீங்க பாவம், ‘நாளைக்கு’ அடுத்த வேரியபிள்னு நினைச்சு, அது லைட்டு எரியுததுக்கு உள்ளதும்மான்னு சொன்னீங்க. மாமிக்கு ஒண்ணும் புரியலை. எனக்கு மட்டும், மாமி கேட்டதுக்கும் நீங்க பதில் சொல்லலைன்னு புரிஞ்சுது.

சரி, கேட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு நானே இறங்கிட்டேன். பரண்ல இருந்த காலேஜ் நோட்டை எடுத்துப் பாத்தா, பேர் வைக்கதுக்குன்னு ஒரு பாடமே எழுதி வச்சிருக்கேன். பேர் நம்பர்ல தொடங்கக் கூடாது, நடுவுல இடம் விடக் கூடாது, கம்ப்யூட்டர் தனக்குன்னு வச்சிருக்க வார்த்தையை எடுக்கக் கூடாது, முதல் எழுத்து சின்னதா இருக்கணும், வாசிக்கதுக்குள்ள உள்ளது என்னன்னு வெளங்கணும். அழகான கையெழுத்து மச்சான், எனக்கே நம்ப முடியலை. இதுபடி எல்லாத்தையும் மாத்திருவோம்னு, தேடி மாத்துத வசதியைத் திறந்து, ‘ஏ’ங்கிற எழுத்து எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ‘நோயாளி’ன்னு போடச் சொல்லிட்டேன். அது ‘ஏ’ங்கிற டப்பாவை மட்டும் மாத்தும்னு நான் நினைச்சேன். அது இங்கிலீஷ்ல ஏ வார ஒவ்வொரு வார்த்தையையும் பிடிச்சு மாத்திட்டு. ஆயிரம் வரி இருந்த இடத்துல திரும்பின பக்கமெல்லாம் நோயாளி. டாக்டர் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். நல்லவேளை, பழையபடி ஆக்க முடிஞ்சுது.

பிறகு பொறுமையா, முதல்ல கண்ணுல பட்ட கொஞ்சம் பேரை மட்டும், முழு வார்த்தையாத் தேடி மாத்தினேன். ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சு, ஓட்டிப் பாத்தேன், ஓடுச்சு. திங்கக்கிழமை காலையில கிளினிக்கைத் திறந்தாச்சு. நீங்க ரெண்டு டப்பாவுக்கு ஒரே பேர் வச்சிருந்தது எனக்குத் தெரியாது. ஒண்ணு இங்கிலீஷ் பெரிய எழுத்துல தொடங்குத ‘பேர்’, இன்னொண்ணு சின்ன எழுத்துல தொடங்குத ‘பேர்’. ஒண்ணுல சீக்காளி பேரு, இன்னொண்ணுல கூட வந்தவங்க பேரு. முதல் எழுத்து சின்னதா இருக்கணும்னு நோட்டுல இருக்கேன்னு நான் எல்லாத்தையும் சின்னதாக்கினதுல, ரெண்டு டப்பாவும் ஒண்ணாயிட்டு. பின்னால வந்த பேரு முன்னால இருந்த பேரைத் தின்னுட்டு. போர்டுல சீக்காளி பேருக்குப் பதிலா, கூட வந்தவங்க பேரு வருது. சீட்டுலயும் அதே பேரு.

பனவடலிசத்திரத்துல இருந்து மாடத்தி அக்கா காய்ச்சல்னு வந்திருந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் மருதப்பன் அண்ணாச்சி கூட்டிட்டு வந்திருந்தார். போர்டுல மருதப்பன்னு வந்ததும் ரெண்டு பேரும் உள்ள போனாங்க. நம்ம டாக்டரைத்தான் தெரியுமே, சீட்டைப் பாப்பாரே தவிர ஆளைப் பாக்க மாட்டார். “மருதப்பன், உக்காருங்க”ன்னார். அண்ணாச்சி உக்காந்தார். சீக்கு எனக்கில்லைன்னு சொல்ல வாயைத் திறந்தார், திறந்த வாயில தெர்மாமீட்டரை வச்சு மூடச் சொல்லிட்டார். கையில பிரஷர் பட்டையைச் சுத்தியாச்சு, விரல்ல குத்தி ரத்தமும் எடுத்தாச்சு. மாடத்தி அக்கா காய்ச்சலோட ஓரமா நின்னு, ஸ்கேன் வேணுமான்னு புருஷனுக்காக டாக்டர்கிட்ட கவலையா விசாரிக்காங்க. அவங்களுக்கும், இவருக்கும் ஏதோ இருக்கு போலன்னு தோணிட்டு. இப்படியே பதினேழு பேர். பிள்ளைக்குச் சளின்னு வந்த தாய்மார், மாமனாரைக் கூட்டிட்டு வந்த மருமகன், எல்லாரும் வாயில தெர்மாமீட்டரோட வெளிய வாராங்க. பதினெட்டாவது ஆளு ஆட்டோக்காரர். ஏறினவங்க இறங்காம நிக்காங்களேன்னு வாடகை கேக்க டாக்டர் ரூமுக்குள்ள எட்டிப் பாத்தவரு, அவருக்கு ஊசியே போட்டாச்சு. அவரு போட்ட சத்தத்துலதான் விஷயம் வெளிய வந்துது.

டாக்டர் ஒண்ணும் ஏசலை. ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, மதுரையில ஒரு கம்பெனி ரெடிமேடா டோக்கன் சாப்ட்வேர் குடுக்காங்களாம், ரெண்டு வாரத்துல நீ சரி பண்ணலைன்னா அதை வச்சிருவோம்னு சொன்னார். மருதப்பன் அண்ணாச்சிக்கு சுகர் நானூறு இருந்ததும், அது அவருக்கு இத்தனை நாளாத் தெரியாததும் மறுநாள்தான் தெரிஞ்சுது. மாடத்தி அக்கா எனக்குன்னு ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டு வந்து குடுத்தாங்க. டாக்டர் கத்தரிக்காயையும் என்னையும் மாறி மாறிப் பாத்தார், ஆனா மதுரைக்கு போன் போடுததை நிறுத்தலை.

மறுவாரம் மதுரைக்காரங்க வந்து மாதிரி காட்டினாங்க. டோக்கன் நம்பரைக் கூப்பிடுததுக்கு ஒரு பொம்பளைக் குரல். தேன்ல முக்கி எடுத்த மாதிரி, “டோக்கன் எண் நாற்பத்தொன்று”ங்குது. அதைக் கேட்டதும் நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். வேலை போயிரும்னு மட்டும் இல்லை மச்சான். நம்ம புரோகிராம்ல ஒண்ணுல இருந்து அறுபது வரைக்கும் கூப்பிடுதது உங்க குரல். நம்ம வீட்டு நடுரூம்ல ஃபேனை அமத்திட்டு, போனை வாய்க்கிட்ட வச்சு நீங்க பதிஞ்சது. நாப்பத்தி ஒண்ணைப் பதியும்போது நான் அடுக்களையில இருந்து, “ஏங்க, சோறு ஆறுது”ன்னு கூப்பிட்டிருக்கேன், அதுவும் சேர்ந்து பதிஞ்சிருக்கு. சத்தம் சின்னதா இருக்கும், ஹால்ல உள்ள யாருக்கும் கேக்காது. ஒரு நாளைக்கு நாப்பத்தி ஒரு டோக்கன் வராமப் போனா, எனக்கு அன்னைக்கு ஒரு மாதிரி இருக்கும். நாப்பதோட நின்னுட்டா, ரூபியா பேர்ல ஒரு சீட்டு போட்டு ஓட்டியிருக்கேன், டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. அந்த வீட்டுல நீங்களும் நானும் ஒரே நேரத்துல இருந்ததுக்கு இப்ப எங்கிட்ட இருக்கது அது ஒண்ணுதான்.

அதனால பழைய புரோகிராமையே திரும்பப் போட்டு ஓட்டிக்கிட்டு, ரெண்டு வாரமும் மத்தியானம் ஒரு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் உக்காந்து, ஒவ்வொரு பேரா, இது எதுக்கு, ஏன் இப்படி வச்சீங்கன்னு படிச்சேன். படிக்கப் படிக்கத்தான் ஒண்ணு புரிஞ்சுது. நீங்க டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு பேர் வைக்கலை. பேர் வைக்கும்போது உங்க மனசுல என்ன இருந்துதோ அதை வச்சிருக்கீங்க. ஹால் போர்டு லைட்டுக்கு ‘நாளைக்கு’ன்னு பேரு, ஏன்னா அது அன்னைக்கு வேலை செய்யலை. நேரத்தைக் கணக்குப் பண்ணுத இடத்துல ‘வாப்பாவுக்கு ஆப்பரேஷன்’னு ஒரு பேரு, அது உங்க வாப்பா மௌத்தாகி அடக்கினதுக்கு முந்தின மாசம். ‘ரசி கோவம்’னு ஒண்ணு இருக்கு, அது போர்டுல எழுத்து செவப்பா வாரதுக்கு. அது எந்தச் சண்டைன்னு எனக்கு ஞாபகமே இல்லை. பத்து வருஷம் ஒரு வீட்டுல இருந்து எங்கிட்ட நீங்க பேசினதைவிட, இதுல அதிகம் பேசியிருக்கீங்க.

அதுக்குக் கீழ ‘விசா வந்துட்டு’. அதுக்கும் கீழ ‘ரசிகிட்ட சொல்லியாச்சு’. பக்கத்துல அதோட மதிப்பு, ‘இல்லை’ன்னு போட்டிருக்கு. தேதியும் எழுதி வச்சிருக்கீங்க. நீங்க எங்கிட்ட விசா வந்திருக்குன்னு சொன்னதுக்கு மூணு மாசம் முந்தின தேதி.

மூணு மாசம் மச்சான். அந்த மூணு மாசத்துலதான் நாம குத்தாலத்துக்குப் போனோம். ரூபியாவைப் பள்ளிக்கூடத்துல சேத்தோம். தினமும் நீங்க வந்து இந்த நாற்காலியில உக்காந்து, இந்த வரியைப் பாத்துட்டு, ‘இல்லை’ங்கிறதை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வந்து, என்ன கறின்னு கேட்டிருக்கீங்க. எனக்குக் கோவம் வரலை. கோவம் மறுநாள்தான் வந்துது. அப்ப எனக்கு என்ன தோணுச்சோ, அந்த ‘இல்லை’யை அழிச்சு ‘ஆம்’னு போட்டேன். எனக்குத் தெரிஞ்சுட்டுல்ல, அதான்.

போட்ட நேரம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. ஹால் நிறைய ஆள். அந்தப் பேரு என்ன வேலை பாக்குதுன்னு நான் இன்னும் பாத்து முடிக்கலை. டாக்டர் சாப்பிடப் போனா ‘ஆம்’னு போடுத இடமாம் அது. போர்டுல பெரிசா, ‘மருத்துவர் உணவு இடைவேளை, மாலை ஐந்து மணிக்கு வரவும்’னு வந்துட்டு. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்து பாக்கதுக்குள்ள முப்பது பேரும் எந்திரிச்சுப் போயாச்சு. டாக்டர் உள்ள உக்காந்து மணியை அடிக்கார், அடிக்கார், ஒருத்தரும் வரலை. வெளிய வந்து காலி ஹாலைப் பாத்தார். மதுரைக்காரங்களை இன்னைக்கே வரச் சொல்லுங்க சார்னு நானே சொல்லிட்டேன். சொல்லும்போது அழுகையும் வந்துட்டு.

என்னம்மா ஆச்சுன்னு கேட்டு, ஸ்கிரீனைத் திருப்பிப் பாத்தார். அந்த வரியை வாசிச்சார். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் வாசிச்சார். பிறகு, “என் மத்தியானச் சோத்துக்கு இவன் வச்ச பேரா இது?”ன்னார். ஆமா சார்னேன். “எங்கிட்டயும் சொல்லலைம்மா. ஒரு நாள் வந்து, நாளையில இருந்து வீட்டுக்காரி வருவான்னு சொல்லிட்டு சாவியை வச்சுட்டுப் போனான்”னு சொல்லிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, மத்த பேரையும் காட்டச் சொன்னார். அன்னைக்குத்தான் டாக்டர் ஒரு ஆளை நேராப் பாத்துப் பேசி நான் பாத்தேன். ‘டெம்ப் ரொம்பப் புதுசு’க்கு சிரிச்சார். ‘வாப்பாவுக்கு ஆப்பரேஷன்’ வரும்போது எந்திரிச்சுப் போயிட்டார். போகும்போது, மதுரைக்கு வேண்டாம்னு போன் பண்ணிருதேன், நீ அவசரப்படாம மாத்துன்னு சொன்னார்.

இப்ப எல்லாம் முடிஞ்சுது. ரெண்டு ரூமுக்கும் டோக்கன் போகுது. நூத்திப் பதினாலு பேரையும் மாத்திட்டேன். ஒவ்வொரு டப்பாவுலயும் உள்ள இருக்கதுதான் மேல எழுதியிருக்கு, யாரு திறந்து பாத்தாலும் வெளங்கும். ‘ரசிகிட்ட சொல்லியாச்சு’ங்கிறது இப்ப ‘மருத்துவர் உணவு இடைவேளை’. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்லை.

ஆகையால் மச்சான், இதன் மூலம் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தாங்கள் அங்குள்ள வேலை ஒப்பந்தத்தை நீட்டுவதானால் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம். பெருநாளைக்கு வருவதாகச் சொல்லிப் பிறகு வராமல் இருப்பதைவிட, வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், மாமி தங்களுக்கென்று புதுச் சட்டை எடுத்துப் பீரோவில் வைக்காமல் இருப்பார்கள். பீரோவில் மூன்று சட்டை ஆகிவிட்டது. ரூபியாவுக்கு வாப்பாவைத் தேடுகிறதாம், பார்க்கணும் போல இருக்கிறதாம், கேட்டால் சொல்கிறாள், பிள்ளை சொல்லத்தான் செய்யும். எனக்குத் தேடவில்லை. நான் வேலை உள்ளவள்.

ஆண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், குறையாமல் படியளக்கும் ரிஜ்க்கையும், இனி எழுதப்போகும் எந்தப் புரோகிராமிலாவது ஒழுங்காகப் பேர் வைக்கும் புத்தியையும் தந்தருள்வானாக, ஆமீன். அறையில் உள்ள ஐந்து பேருக்கும் என் ஸலாமைச் சொல்லவும். மாமி மகபூப் பீவியின் ஸலாமும், ரூபியாவின் முத்தமும் இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மனைவி,
ரசீதா, பி.எஸ்ஸி. (கம்ப்யூட்டர் சயின்ஸ்)

பின்குறிப்பு: மேல உள்ளதை எழுதி ஏழு வாரமாச்சு. தபாலாபீஸ் வரைக்கும் கொண்டு போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். அன்னைக்கு மாமி கவரைக் கையில பாத்துட்டு, “எத்தனை பக்கம்ட்டி?”ன்னு கேட்டாங்க. ஒன்பது பக்கம்னேன். “ஒன்பது பக்கம் எழுதுதவ, எழுந்து போய்ப் பாத்துட்டு வாயேன்ட்டி. வீட்டை நான் பாத்துக்கிடுதேன்”னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

கடையநல்லூர் டிராவல்ஸ்ல போய் விசாரிச்சேன். பாஸ்போர்ட்டுல ஒத்தைப் பேரா இருந்தா அங்கன விட மாட்டாங்க, பின்னால ஒரு குடும்பப் பேரு வேணும்னாங்க. நம்ம வகையில அப்படி ஒண்ணு இல்லையே, என்ன பேரைப் போடன்னு கேட்டேன். உங்களுக்கு இஷ்டமானதைப் போடுங்க, ஒரு தடவை போட்டா மாத்த முடியாதுன்னாங்க. ரொம்ப யோசிக்கலை. திருநெல்வேலியில பாஸ்போர்ட் வாங்கியாச்சு. ரசீதா சுலைமான், ரூபியா சுலைமான். முதல் எழுத்து பெரிசாத்தான் போட்டிருக்கேன்.

மேல ஒப்பந்தத்தைப் பத்தி எழுதின பத்தி முழுசையும் அடிச்சுட்டதா வச்சுக்கிடுங்க. ‘எனக்குத் தேடவில்லை’ங்கிறதை முதல்ல அடிங்க.

இந்தக் கடிதத்தை யாருகிட்டயும் குடுத்து விடலை, நானேதான் கொண்டு வந்து உங்க கையில குடுத்திருக்கேன். ஏர்போர்ட்ல எங்களைப் பாத்ததும் உங்களுக்குப் பேச்சு வராது, எனக்குக் கோழியைப் பத்திப் பேச இஷ்டமில்லை, அதான். இவ்வளவு தூரம் வாசிச்சுட்டீங்கன்னா போதும். தாளை மடக்கி வச்சுட்டு நிமிர்ந்து பாருங்க, பிள்ளை உங்க மடியில ஏறணும்னு எம்புட்டு நேரமாக் காத்துக்கிட்டு நிக்கா.